உள்ளூர் கிரிக்கெட் கிளப்பில் சிறார் பிரிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் பேரூர்களிலும் கிரிக்கெட் கிளப் நடத்துவோர், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும்போது கேட்கும் கேள்விகளும், அப்பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் கேள்விகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

எங்கள் அணி மாவட்ட லீக்கில் ஒழுங்காக ஆடிக்கொண்டிருக்கிறது. சின்னப் பிள்ளைகளைச் சேர்ப்பதால் கிளப்புக்கு என்ன பயன்?

நம் ஊர்க் கிளப்புகளில் பல, ஒரே பள்ளியிலோ ஒரே தெருவிலோ வளர்ந்த, ஏறத்தாழ ஒரே வயதுடைய பதினைந்து இருபது நண்பர்கள் கூடித் தொடங்கியவை. முதல் சில ஆண்டுகள் ஆட்களுக்குப் பஞ்சமே இருக்காது. யாரை வெளியே உட்கார வைப்பது என்பதுதான் சண்டையாக இருக்கும். பிறகு ஒருவருக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கும், இன்னொருவர் வளைகுடாவுக்குப் போவார், மற்றவர்களுக்கு அடுத்தடுத்துத் திருமணம் நடக்கும். ஒரே வயதுக்காரர்கள் என்பதால் எல்லோருக்கும் ஒரே காலத்தில் நேரமும் குறையும், ஒரே காலத்தில் முழங்காலும் வலிக்கத் தொடங்கும். ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பதினோராவது ஆளைத் தேடிச் செயலாளர் தொலைபேசியில் கெஞ்ச ஆரம்பித்துவிட்டால், அந்தக் கிளப்புக்கு இன்னும் சில ஆண்டுகளே மீதம் இருக்கின்றன என்று பொருள். பணமில்லாமல் நின்றுபோன கிளப்புகளைவிட, அடுத்த வயதினர் இல்லாமல் கலைந்துபோன கிளப்புகளே மிகுதி என்பது இக்கேள்விகளைத் தொகுத்தவரின் கணிப்பு.

எட்டு வயதில் ஒரு குழுவும், பதினொன்றில் ஒரு குழுவும், பதினான்கில் ஒரு குழுவும் இருக்கும் கிளப்பில் இந்த நிலை வருவது அரிது. இதில் புதுமை ஏதும் இல்லை. ஐரோப்பியருக்கு மட்டுமேயான ஆட்டமாகச் சென்னையில் கிரிக்கெட் இருந்த காலத்தில், புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, நம்மவரில் இளையவர்களைத் திரட்டி, மட்டையும் பந்தும் கொடுத்து ஆட வைத்தார். நகரத்தின் கிளப் கிரிக்கெட்டே இளையவர்களைத் தேடிப் போனதில் வேர்பிடித்ததுதான்.

அதற்குத்தான் பயிற்சி அகாடமிகள் இருக்கின்றனவே?

அகாடமியின் வேலை வேறு, கிளப்பின் வேலை வேறு. அகாடமி கட்டணம் பெற்றுக்கொண்டு ஒரு பிள்ளையின் ஆட்டத்தைச் செம்மைப்படுத்துகிறது. அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே பயிலும் பிள்ளைக்கு ‘எங்கள் அணி’ என்று சொல்லிக்கொள்ள ஓர் அணி பெரும்பாலும் கிடைப்பதில்லை. மூன்று ஆண்டுகள் நெட்டில் (பயிற்சிக்கான வலைக்கூண்டில்) மட்டும் பந்தை அடித்துவிட்டு, ஓர் ஆட்டத்தில்கூட ஓட்ட எண்ணிக்கையைப் பார்த்து ஆடிப் பழகாத பிள்ளைகள் இருக்கிறார்கள். மறுபுறம் கிளப்பில் அணி இருக்கிறது, மூத்தவர்கள் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது, சிறார்தான் இல்லை.

ஆகவே கிளப்பின் சிறார் பிரிவை இன்னோர் அகாடமியாக நடத்தத் தொடங்கினால் நோக்கமே கெட்டுவிடும். சட்டையில் கிளப்பின் பெயர் இருக்க வேண்டும். மூத்த அணியின் ஆட்டத்தைப் பார்க்கவும், ஸ்கோர்போர்டில் எண் மாற்றவும், தேநீர் இடைவேளையில் உள்ளே புகுந்து பந்து வீசிப் பார்க்கவும் அப்பிள்ளைகளுக்கு உரிமை இருக்க வேண்டும். அவர்கள் கிளப்பின் வாடிக்கையாளர்கள் அல்லர், உறுப்பினர்கள்.

எந்த வயதில் சேர்க்கலாம்?

ஆறு வயதில் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்குக் கிரிக்கெட் ‘கற்பிக்க’ முயலக் கூடாது. அந்த வயதில் ஓடுவது, எறிவது, பிடிப்பது, உருண்டு வரும் பந்தை மட்டையால் அடிப்பது ஆகிய நான்கும் போதும். கால் இங்கே வர வேண்டும், முழங்கை அங்கே நிற்க வேண்டும் என்ற திருத்தங்கள் எட்டு ஒன்பது வயதுக்கு முன்னால் பயன் தருவதில்லை. பிள்ளை தன் காலையே பார்த்துக்கொண்டு நின்று பந்தை விட்டுவிடும்.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 2017இல் ஐந்து முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்காக ‘ஆல் ஸ்டார்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. எட்டு வாரங்கள், வாரம் ஒரு மணி நேரம், நடத்துவது உள்ளூர்க் கிளப்பின் தன்னார்வலர்கள். சேரும் பிள்ளைக்கு மட்டை, பந்து, தன் பெயர் அச்சிட்ட சட்டை ஆகியவை அடங்கிய பை கிடைக்கும். 2005ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவுடன் ஆடிய ஆஷஸ் தொடருக்குப் பிறகு அந்நாட்டில் டெஸ்ட் ஆட்டங்களின் நேரலை கட்டணத் தொலைக்காட்சிக்குப் போய்விட்டதால், கிரிக்கெட்டையே காணாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டிய தேவை அங்கே இருந்தது. நமக்கு அந்தத் தேவை இல்லை. இங்கே மூன்று வயதுப் பிள்ளைக்கும் தோனியைத் தெரியும். ஆட இடமும், ஆடக் கூட்டும் ஆளும்தான் இல்லை. எனவே அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது விளம்பரத்தை அல்ல, ‘எட்டு வாரம், வாரம் ஒரு மணி நேரம்’ என்ற அளவை. தொடக்கமும் முடிவும் தெரிந்த சிறு காலத்துக்குப் பெற்றோரும் சம்மதிப்பார்கள், தன்னார்வலரும் சலிக்காமல் வருவார்கள்.

எந்தப் பந்தில் ஆட வைக்க வேண்டும்?

பத்து வயது வரை டென்னிஸ் பந்து அல்லது அதைப்போன்ற மென்பந்து. இதில் பிடிவாதமாக இருக்க வேண்டும். ‘உண்மையான பந்தில் ஆடினால்தான் பயம் போகும்’ என்று சொல்லும் மூத்தவர் ஒருவர் எல்லாக் கிளப்பிலும் இருப்பார். நடப்பது அதற்கு நேர்மாறானது. ஏழு வயதில் விரலில் ஒருமுறை பலமாக அடிபட்ட பிள்ளை, பந்து வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை மாற்ற ஆண்டுகள் பிடிக்கும், அல்லது பிள்ளையே நின்றுவிடும்.

விலை குறைவு என்பதற்காகக் கார்க் பந்தைக் கையில் கொடுப்பது அதைவிடத் தவறு. சிமெண்ட் தளத்தில் கார்க் பந்து எழும்பும் உயரமும் வேகமும் பெரியவர்களுக்கே சிரமமானவை. தோல் பந்துக்கு மாறும் காலம் வரும்போதும் எடையைக் கவனிக்க வேண்டும். கிரிக்கெட் விதிகளின்படி ஆடவர் ஆட்டத்துக்குரிய பந்து 155.9 முதல் 163 கிராம் வரை இருக்கும். இளையோருக்கான பந்து 133 முதல் 144 கிராம் வரைதான். அளவிலும் அது சிறியது, சிறிய விரல்களுக்குள் அடங்கும். விளையாட்டுப் பொருள் கடையில் கேட்டு வாங்காவிட்டால் பெரிய பந்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

மட்டைக்கும் இதே நியாயம் பொருந்தும். ‘வளர்ந்த பிறகும் உதவட்டும்’ என்று பள்ளிச் சட்டை வாங்கும் கணக்கில் இரண்டு அளவு பெரிய மட்டையை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் பலர். கனமான மட்டையைப் பிள்ளை கீழ்க்கையின் வலுவால்தான் தூக்க முடியும். அதனால் நேராக வரும் எந்தப் பந்தையும் குறுக்கே இழுத்தே அடிக்கும். கிளப்பே சிறிய அளவுகளில் நான்கைந்து மட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு, வளர வளர மாற்றிக் கொடுப்பது எல்லோருக்கும் சிக்கனம்.

ஆடுகளத்தின் நீளத்தைக் குறைக்க வேண்டுமா? டிவியில் பார்ப்பதுபோல் 22 கஜத்தில் ஆட வேண்டும் என்று பிள்ளைகளே கேட்கிறார்களே?

கேட்பார்கள்தான். ஆனால் 22 கஜம், அதாவது 20.12 மீட்டர், வளர்ந்தவர்களுக்கான அளவு. ஒன்பது வயதுப் பிள்ளை அத்தனை தூரம் பந்து வீச வேண்டுமானால் இரண்டே வழிதான்: மேலே தூக்கிப் போட வேண்டும், அல்லது முழங்கையை மடக்கி எறிய வேண்டும். நம் ஊரில் இளம் பந்துவீச்சாளர்களிடம் காணப்படும் ‘எறியும்’ குறைக்கு நீண்ட ஆடுகளமும் ஒரு காரணம். தூக்கிப் போடும் பந்து மூன்று முறை குத்தி வரும், அல்லது அகலப் பந்தாகும் (வைட்). மட்டையாளருக்கும் அடிக்கப் பந்து கிடைக்காது.

ஆஸ்திரேலியாவின் இளையோர் ஆட்டமுறையில் முதல் கட்டத்தில் ஆடுகளம் 16 மீட்டர், அணிக்கு ஏழு பேர். இரண்டாம் கட்டத்தில் 18 மீட்டர், ஒன்பது பேர். அதன் பிறகே முழு நீளமும் பதினோரு பேரும். இதை அப்படியே பின்பற்றலாம். செலவு ஏதும் இல்லை. மேட் விரித்த ஆடுகளமாக இருந்தால் ஒரு பக்கத்து ஸ்டம்பை முன்னே நகர்த்தி, சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டால் முடிந்தது. எல்லைக் கோட்டையும் உள்ளே இழுக்க வேண்டும். பிள்ளை நான்கு ஓட்டம் அடிக்க முடியாத மைதானத்தில் நான்கு அடிக்கும் ஆசையும் வளராது.

ஆட்டம் வைத்தால் இரண்டு மூன்று பேர் மட்டுமே ஆடுகிறார்கள். மற்றவர்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள். என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க முடியும் என்றால், படிக்க வேண்டியது இதுதான்.

தெருவில் ஆடும்போது மிகச் சிறிய பையனை ‘உப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வோம், அவன் நாள் முழுவதும் பந்து பொறுக்குவான், கடைசியில் இருட்டிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடுவோம். கிளப்புகள் நடத்தும் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களில் பாதி இப்படித்தான் நடக்கின்றன. நன்றாக ஆடும் இருவர் முதலில் இறங்கி இருபது ஓவரும் நிற்பார்கள், அவர்களே நான்கு நான்கு ஓவர் வீசுவார்கள். ஏழு எட்டுப் பிள்ளைகள் மட்டையைத் தொடாமலே வீட்டுக்குப் போவார்கள். ‘இன்றைக்கு எத்தனை ரன்?’ என்று வீட்டில் கேட்கும்போது அந்தப் பிள்ளையிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. மூன்று வாரம் இப்படிப் போனால் நான்காம் வாரம் வயிற்றுவலி வந்துவிடும்.

இதற்கு மாற்றாக இங்கிலாந்தின் சிறார் ஆட்டங்களில் நெடுங்காலமாக உள்ள இணை முறையைப் பரிந்துரைக்கிறோம். அணிக்கு எட்டுப் பேர், நான்கு இணைகள். ஒவ்வோர் இணையும் நான்கு ஓவர் முழுவதும் ஆடும். அவுட்டானாலும் வெளியேற வேண்டியதில்லை, முனை மட்டும் மாறிக்கொண்டு தொடர்ந்து ஆடலாம். அணி 200 ஓட்டத்தில் தொடங்கும். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் 5 ஓட்டம் கழியும். ஓர் அணி 58 ஓட்டம் எடுத்து ஏழு விக்கெட் இழந்தால், 200உடன் 58ஐக் கூட்டி 35ஐக் கழிக்க, 223 என்பது அதன் எண்ணிக்கை. மொத்தம் பதினாறு ஓவர். எட்டுப் பேரும் ஆளுக்கு இரண்டு ஓவர் கட்டாயம் வீச வேண்டும். சராசரியாக ஒவ்வொரு பிள்ளையும் பன்னிரண்டு பந்தை ஆடி, பன்னிரண்டு பந்தை வீசியிருக்கும்.

சில நுணுக்கங்களை அனுபவத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அகலப் பந்துக்கு இரண்டு ஓட்டம் கொடுத்துவிட்டு, கடைசி ஓவரில் தவிர மறுபந்து வீச வைக்காமல் இருந்தால் ஆட்டம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இல்லாவிட்டால் ஒரே ஓவர் பதினான்கு பந்துக்கு நீளும், வீசும் பிள்ளை அழத் தொடங்கும். விக்கெட்டுக்கு ஐந்து ஓட்டம் என்பது சிறியதாகத் தோன்றினாலும், ‘அவுட்டாகக் கூடாது’ என்ற கவனத்தை அது பிள்ளைகளிடம் நன்றாகவே வளர்க்கிறது. மூத்தவர்கள் ‘இது கிரிக்கெட்டே இல்லை’ என்பார்கள். அவர்களை ஒருமுறை அம்பயராக நிற்க வைப்பது நல்லது. கடைசி ஓவரில் அவர்களே கத்திக்கொண்டிருப்பார்கள்.

பயிற்சி நேரத்தை எப்படி அமைப்பது? எங்களிடம் ஒரே ஒரு நெட்தான் இருக்கிறது.

நெட்டை மறந்துவிடலாம். ஒரு நெட்டில் இருபது பிள்ளைகள் வரிசையில் நிற்பதாகக் கொள்வோம். இருபது நொடிக்கு ஒரு பந்து என்று மிக வேகமாக நடத்தினாலும் ஒரு மணி நேரத்தில் 180 பந்துகள், ஒரு பிள்ளைக்கு ஒன்பது பந்துகள். மற்ற நேரமெல்லாம் வரிசையில் நின்று ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருப்பார்கள். ஒழுங்கீனம் என்று நாம் கடிந்துகொள்வதில் பெரும்பகுதி வரிசையில் பிறந்ததுதான்.

பதினாறு பிள்ளைகளை நான்கு நான்காகப் பிரித்து, மைதானத்தின் நான்கு மூலைகளில் நான்கு வேலைகளைக் கொடுக்கலாம்: ஓரிடத்தில் கேட்ச், ஓரிடத்தில் ஒற்றை ஸ்டம்பைக் குறிபார்த்து எறிதல், ஓரிடத்தில் பந்துவீச்சு, ஓரிடத்தில் கூம்பின்மேல் வைத்த பந்தை அடித்தல். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற, நாற்பது நிமிடம் போய்விடும். மீதி இருபது நிமிடம் ஆட்டம். ஆட்டத்தை ஒருபோதும் தண்டனையாகக் குறைக்கக் கூடாது, ஏனெனில் அவர்கள் அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள். தேர்ந்த பயிற்சியாளர் ஒருவர் மேற்பார்வையிட, மூலைகளைக் கிளப்பின் பதினாறு பதினேழு வயது ஆட்டக்காரர்கள் பார்த்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு நேரம் தவறி வரும் அந்தப் பையன்கள், எட்டு வயதுப் பிள்ளைகள் ‘அண்ணா’ என்று காத்திருப்பதால் நேரத்துக்கு வரத் தொடங்குவது கூடுதல் ஆதாயம்.

பெற்றோரை மைதானத்துக்குள் விடலாமா?

விட வேண்டும், வேலை கொடுத்து விட வேண்டும். வேலையில்லாமல் எல்லைக் கோட்டருகே நிற்கும் தந்தைதான் ‘கால முன்னாடி வைடா’ என்று கத்துவார். அவர் கையில் ஸ்கோர் புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் கத்த நேரம் இருக்காது. ஸ்கோர் எழுதுதல், தண்ணீர்க் கேனைப் பார்த்துக்கொள்ளுதல், கூம்பு அடுக்குதல், வருகைப்பதிவு எடுத்தல், ஆட்டத்துக்குப் பிள்ளைகளைக் காரில் ஏற்றி வருதல் என்று கிளப்புக்கு வேண்டிய வேலைகள் ஏராளம். பிள்ளையை விட்டுவிட்டு ஸ்கூட்டரில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயிடம் ஒருவரும் எதுவும் கேட்காததே அவர் உள்ளே வராததற்குக் காரணம். நாளைக்குக் கிளப்பின் பொருளாளரும் அம்பயரும் இந்தக் கூட்டத்திலிருந்துதான் வரப்போகிறார்கள்.

ஒரு விதியை மட்டும் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: ஆட்டம் நடக்கும்போது தன் பிள்ளைக்கோ அடுத்தவர் பிள்ளைக்கோ யாரும் வெளியிலிருந்து அறிவுரை சொல்லக் கூடாது, கைதட்டலாம். வீட்டுக்குத் திரும்பும் வழியிலும் ஆட்டத்தை அலச வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம், ஆனால் அதைக் கண்காணிக்க வழியில்லை.

பெண் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு வேண்டுமா?

பத்துப் பதினோரு வயது வரை தேவையில்லை, சேர்ந்தே ஆடலாம். ஆனால் ‘விருப்பமிருந்தால் வரட்டும்’ என்று சும்மா இருந்தால் ஒருவரும் வர மாட்டார்கள். ஒரே ஒரு பெண் பிள்ளை மட்டும் வந்தால் மூன்றாம் வாரம் நின்றுவிடுவாள். மூன்று நான்கு பேராகச் சேர்த்தால் நிலைப்பார்கள். எனவே அண்ணனுடன் வரும் தங்கையையும், அவளுடைய வகுப்புத் தோழிகளையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும். கதவுடன் கூடிய கழிப்பறை இருக்கிறதா என்பதே பல தாய்மார்களின் முதல் கேள்வி. மைதானத்தில் இல்லாவிட்டால் பக்கத்துப் பள்ளியிலோ வீட்டிலோ ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அழைக்க வேண்டும். மதுரையைச் சேர்ந்த ஜி. கமலினி 2025இல் 19 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் தொடக்க ஆட்டக்காரராக ஆடிய பிறகு, ‘பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு கிரிக்கெட்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வது எளிதாகியிருக்கிறது.

பாதுகாப்புக்கு என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில் வெயில். பயிற்சி காலை ஆறேகாலுக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடிய வேண்டும். கோடை விடுமுறை முகாம் என்று விளம்பரம் செய்துவிட்டு அக்னி நட்சத்திரத்தில் பத்து மணி வரை பிள்ளைகளை நிறுத்துவது அறிவுடைமை ஆகாது. தொப்பி கட்டாயம், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர். இடி கேட்டால் அந்தக் கணமே மைதானத்தைக் காலிசெய்ய வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

தோல் பந்துக்கு மாறியதும் ஹெல்மெட், அடிவயிற்றுக் காப்பு (கார்டு), பேடு, கையுறை ஆகியவை இல்லாமல் நெட்டுக்குள்கூட விடக் கூடாது. ஸ்டம்புக்கு அருகில் நிற்கும் கீப்பருக்கும் ஹெல்மெட் வேண்டும். 13 வயதுக்குட்பட்டோரை மட்டையாளருக்கு மிக அருகே பீல்டிங் நிறுத்தக் கூடாது. இங்கிலாந்து வாரியத்தின் விதி, விக்கெட்டுக்குப் பின்னால் ஆஃப் பக்கம் தவிர மற்ற இடங்களில், 11 கஜத்துக்கு உள்ளே அவர்கள் நிற்கக் கூடாது என்கிறது. அதே வாரியம் அந்த வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஒரே மூச்சில் 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர் என்று வரம்பு வைத்திருக்கிறது. வளரும் வயதில் கீழ்முதுகு எலும்பில் ஏற்படும் நுண்முறிவு அளவுக்கு மீறி வீசுவதால் வருவது. கிளப்பில், பள்ளியில், அகாடமியில் என்று மூன்று இடத்திலும் வீசும் பையனின் கணக்கை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை என்பதே நம்மிடம் உள்ள சிக்கல். கூட்டிப் பார்க்க வேண்டியவர் பெற்றோர்.

அடுத்தது, பேசத் தயங்கும் விஷயம். பிள்ளைகளுடன் எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். எந்தப் பயிற்சியாளரும் ஒரு பிள்ளையைத் தனியாக வண்டியில் ஏற்றிச் செல்லவோ, தனிப்பட்ட முறையில் கைப்பேசியில் செய்தி அனுப்பவோ கூடாது. தகவல் எல்லாம் பெற்றோர் குழுவில்தான். அடிப்பது, காது திருகுவது, வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓட வைத்துத் தண்டிப்பது ஆகியவற்றுக்கு இடமே இல்லை. 18 வயதுக்குட்பட்ட எவர்மீதும் நிகழும் பாலியல் குற்றங்களுக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். தெரிந்தும் புகார் அளிக்காமல் மறைப்பதும் அச்சட்டப்படி குற்றம். ‘கிளப் பெயர் கெட்டுவிடும்’ என்று உள்ளேயே பேசி முடிக்கும் வேலையை எந்தச் செயலாளரும் செய்யக் கூடாது.

மைதானம்?

மூத்த அணிக்கு முழு மைதானம் வேண்டும். சிறாருக்குக் கால் பங்கு போதும். பள்ளி மைதானமாக இருந்தால் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, பதிலுக்கு அப்பள்ளிப் பிள்ளைகள் சிலரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்வது நல்ல உடன்பாடு. பலர் பொதுவாகப் பயன்படுத்தும் திடலில், டென்னிஸ் பந்து ஆடும் இளைஞர்களுடன் சண்டைக்கு நிற்பதைவிட, அவர்களில் இருவரைத் தன்னார்வலராக அழைத்துக்கொள்வது காரியத்தை முடிக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பிரிவைத் தொடங்க வேண்டாம். ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்ததும் தொடங்கினால் எட்டு வாரம் தடையின்றிக் கிடைக்கும்.

கட்டணம் வாங்கலாமா?

சிறிய அளவில் வாங்கலாம். முற்றிலும் இலவசம் என்றால் பாதிப் பேர் நினைத்தபோது வருவார்கள். ஆனால் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையிடம் கேட்காமலிருக்கும் பக்குவம் வேண்டும், யார் கட்டவில்லை என்பது மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. சிறார் பிரிவின் பணத்தை மூத்த அணியின் பந்துக்கும் பிரியாணிக்கும் செலவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு; கணக்கைத் தனியாக வைத்து, ஆண்டுக்கொருமுறை பெற்றோருக்குக் காட்டிவிட்டால் இந்தச் சந்தேகமே எழாது.

என் மகனுக்கு ஒன்பது வயது. இப்போதே தீவிரமாகப் பயிற்சி எடுக்காவிட்டால் மாநில அணிக்குப் போக முடியாது என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் விற்பதற்கு ஏதோ ஒன்று இருக்கும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து ஆடி வளர்ந்த டி. நடராஜன், இருபது வயதை ஒட்டித்தான் சென்னை லீக்கின் நான்காம் டிவிஷனில் ஆட வந்தார். 2020–21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். வருண் சக்கரவர்த்தி பதினேழு வயது வரை விக்கெட் கீப்பராக இருந்து, கட்டடக்கலை படித்து, டென்னிஸ் பந்தில் ஆடி, பிறகுதான் கிளப் கிரிக்கெட்டுக்குத் திரும்பிச் சுழற்பந்து வீச்சாளரானார். எல்லோரும் இப்படி வர முடியாது. ஆனால் ஒன்பது வயதில் எதுவும் முடிவாகிவிடுவதில்லை. அந்த வயதில் சிறந்து தெரிபவன் பல நேரங்களில் சற்று முன்னதாக வளர்ந்தவன் மட்டுமே.

இதே அவசரத்தின் இன்னொரு முகம்தான் வயதைக் குறைத்துக் காட்டுவது. 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் எலும்பு வளர்ச்சியைக் கொண்டு வயதைச் சோதிக்கும் முறையை இந்திய வாரியம் கடைப்பிடிக்கிறது. கிளப்பில் சேரும் நாளிலேயே பிறப்புச் சான்றிதழின் நகலை வாங்கி வைத்துக்கொள்வது பின்னால் வரும் சங்கடங்களைத் தவிர்க்கும்.

பத்தாம் வகுப்பு வந்ததும் நின்றுவிடுகிறார்களே?

நிற்பார்கள், அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். செய்யக்கூடியது, திரும்பி வரும் வழியை அடைக்காமல் இருப்பது. அந்த ஓராண்டு அவர்களை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்காமல், குழுவில் வைத்திருந்து, பொதுத்தேர்வு முடிந்த வாரமே ஓர் ஆட்டம் வைத்து அழைத்தால் கணிசமானோர் வருவார்கள். ‘ஒரு வருஷம் ஆடல, இனி உன்னால முடியாது’ என்று சொல்லி அனுப்பிய பையன், நாளைக்கு ஊரிலேயே வேலை பார்த்துக்கொண்டு இருபது ஆண்டுகள் மூன்றாவது இடத்தில் இறங்கி ஆடியிருக்கக் கூடியவன்.

இரண்டாம் ஆண்டு பாதிப் பேர் வரவில்லையென்றால் திட்டம் தோற்றதாகக் கொள்ளலாமா?

கொள்ள வேண்டாம், ஆனால் ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் பேசிக் கேட்க வேண்டும். முதல் ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மறு ஆண்டும் வந்தார்கள் என்ற ஒரே எண்ணை ஏட்டில் எழுதி வைத்தால் போதும். எத்தனை பேர் மாவட்டத் தேர்வுக்குப் போனார்கள் என்பதைவிட அது கிளப்பைப் பற்றி அதிகம் சொல்லும். கேட்டுப் பார்த்தால் காரணங்கள் பெரும்பாலும் சிறியவையாக இருக்கும்: சனிக்கிழமை டியூஷன் நேரம் மாறிவிட்டது, கூட்டிவரும் அண்ணன் கல்லூரிக்குப் போய்விட்டான், ஒரு பெரிய பையன் கேலி செய்தான், அல்லது நான்கு ஆட்டத்தில் ஒருமுறைகூடப் பந்துவீசக் கொடுக்கவில்லை. முதல் மூன்றையும் ஒரு தொலைபேசி அழைப்பிலும் ஒரு கண்டிப்பிலும் சரிசெய்துவிடலாம். நான்காவது கிளப்பின் தவறு. அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நேரில் போய், வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் ஓவர் உனக்கு என்று சொல்லிவிட்டு வர வேண்டும், சொன்னபடி கொடுக்கவும் வேண்டும்.